ஆளுக்கு ஐந்து தோட்டா

ஆனித் திருவிழாவை ஒட்டி டவுனில் போடும் பொருட்காட்சிக்கு இந்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். டெல்லி அப்பளம், ராட்டினம் எதுவும் வேண்டாம் என்றவள் பலூன் சுடும் கடை முன்னால் நின்றுவிட்டாள். கடைக்காரர் கொடுத்த துப்பாக்கியைக் கையில் வாங்கி, குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது இடது பக்கம் இழுக்கும்" என்றாள். சொன்ன மாதிரியே முதல் குண்டு இடப்பக்கப் பலூனுக்கும் அப்பால் போய்த் துணியில் பட்டது. அடுத்த ஒன்பதும் பலூனில்.

அவள் ஆறு மாதமாக ஏர் ரைபிள் பழகுகிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது கேட்டாள். "நீங்க நெஜத் துப்பாக்கி சுட்டிருக்கீங்களா தாத்தா?"

"சுட்டிருக்கேன்."

"எத்தனை குண்டு?"

"அஞ்சு."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு நாளைக்கு அறுபது சுடுகிறவளுக்கு வாழ்நாளில் ஐந்து என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஐந்துக்குப் பின்னால் இந்தத் தாமிரபரணிச் சீமையின் கதை கொஞ்சம் இருக்கிறது. அதை எழுதலாம் என்று தோன்றியது.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆனது. நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தது 1965இல். பாகிஸ்தான் போர் நடந்த வருஷம். காக்கி டவுசரும் கஞ்சி போட்ட சட்டையும் பெரிய பூட்ஸுமாக வாரம் இரண்டு நாள் பரேடு. 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று ஹிந்தியில்தான் கட்டளை. வெளியில் ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம் முடிந்து சூடு ஆறாத நேரம். உள்ளே நாங்கள் 'சாவ்தான்' என்றதும் விறைத்து நிற்போம். இது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1968 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் இந்த என்.சி.சி. கட்டளைச் சொற்களும் இடம்பெற்றன.

பரேடெல்லாம் எதற்காகப் பொறுத்துக்கொண்டோம் என்றால், வருஷத்தில் ஒரு நாள் சுடவிடுவார்கள் என்பதற்காகத்தான். ஊருக்கு வெளியே மண்மேடு. 25 கஜ தூரத்தில் அட்டை. தரையில் தார்ப்பாய் விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். பட்டாளத்து லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி மாதிரியே கனமாக இருக்கும், ஆனால் குழல் மட்டும் .22. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வேண்டும். ஆளுக்கு ஐந்து. சுட்ட பிறகு ஐந்து காலித் தோட்டாவையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு காலித் தோட்டா குறைந்தது. நாற்பது பேர் சாயங்காலம் வரை நெருஞ்சி முள்ளுக்குள் தேடினோம். ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் குப்பி; புல்லுக்குள் விழுந்தால் எங்கே கண்ணுக்குத் தெரியும்? எனக்கு அடுத்துப் படுத்திருந்த பையன் மீதுதான் சந்தேகம். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். அவன் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அவன் ஏழாவது சுற்றில் இருக்கும்போது நான் குனிந்து, "கிடைச்சிட்டு சார்" என்று எடுத்துக் கொடுத்தேன். எனக்குச் சபாஷ் கிடைத்தது. அது என் சாக்ஸுக்குள்தான் இருந்தது. ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இதை அவனிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு பித்தளைக் குப்பிக்கு இத்தனை கணக்கா என்று அப்போது கோபம் வந்தது. கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் அந்த .22 என்பதையே எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு, மில்லிமீட்டரில் 5.6. இன்று உலகம் முழுவதும் சுடப்படும் '.22 லாங் ரைபிள்' தோட்டா 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். இது ஏன் மலிவு என்றால், செய்முறை அப்படி. பெரிய தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு கேப்பு பொருத்த வேண்டும். இதில் அது கிடையாது. பித்தளைக் குப்பியின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே தட்டினால் பற்றும் மருந்தைத் தடவி விடுகிறார்கள். துப்பாக்கி ஊசி விளிம்பை நசுக்கியதும் பற்றிக்கொள்கிறது. கோவில்பட்டித் தீக்குச்சியை உரசினால் பற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், இது தட்டினால் பற்றும். குப்பித் தகடு மெல்லியது, வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட வராது, குண்டும் மெழுகோ கொழுப்போ பூசிய வெறும் காரீயம். காரீயம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். இது வேறு, விஷம். சுட்டுவிட்டுக் கை கழுவாமல் முறுக்கு தின்னக் கூடாது.

பட்டாளத்துக்காரர்கள் சின்னத் தோட்டாவைத் தேடிப் போனதும் செலவைப் பார்த்துத்தான். 1880களில் பிரிட்டிஷ் படையிடம் மார்ட்டினி-ஹென்றி என்ற பெரிய துப்பாக்கி இருந்தது. அதன் தோட்டா விலை அதிகம், உதையும் அதிகம், சுடுவதற்கு நீண்ட மைதானமும் வேண்டும். அதனால் பெரிய குழலுக்குள் ஒரு மெல்லிய குழலைச் செருகிச் சின்னத் தோட்டாவைச் சுட்டுப் பழகினார்கள். மோரிஸ் குழாய் என்று அதற்குப் பெயர். பிறகு தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை போயர் யுத்தம். போயர் விவசாயிகள் குறிபார்த்துச் சுடுவதில் கில்லாடிகள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தப் பயிற்சி போதவில்லை என்று அவமானமாகப் போயிற்று. சாதாரணக் குடிமக்களும் குறி பழக வேண்டும் என்று லார்டு ராபர்ட்ஸ் ஊர் ஊராகப் பேசினார். 1901இல் இங்கிலாந்தில் உழைப்பாளர் ரைபிள் கிளப்புகளுக்கென்றே ஒரு சங்கம் உண்டாயிற்று. சுரங்கத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் சாயங்காலம் வந்து சில காசு கொடுத்து .22 சுட்டுவிட்டுப் போகலாம். 1908இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் இந்தச் சின்னத் தோட்டாவுக்கே தனிப் போட்டிகள் வைத்தார்கள்.

அதே 1908இல் இங்கே என்ன நடந்தது? மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடையடைப்பு, கலவரம். கலெக்டர் விஞ்ச் உத்தரவில் போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். லண்டன் தொழிலாளியின் கையில் தோட்டாவைக் கொடுத்துப் பழகச் சொன்ன அதே சர்க்கார்தான் இது. நம் ஆட்களுக்குத் தோட்டா நெஞ்சில்தான் கிடைத்தது.

கணக்கு அதற்கும் முந்தியது. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி கட்டினார். மே மாதம் கோட்டை விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் சென்னை கவர்னர் ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரர் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனிமேல் வைத்துக்கொள்ளக் கூடாது. 1857 கலகத்துக்குப் பிறகு வட இந்தியாவில் ஆயுதம் பறித்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நமக்கு அது அரை நூற்றாண்டு முன்னாலேயே நடந்துவிட்டது. பிறகு 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு. குடகு நாட்டாருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது, இன்றும் இருக்கிறது. நம் பக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் திருநெல்வேலி ஜில்லாவில் குறி பழகிய கூட்டமும் இருந்தது. தென்னிந்திய ரயில்வேக்கென்று ஒரு தொண்டர் ரைபிள் படை உண்டு. டிரைவர்கள், கார்டுகள், ஸ்டேஷன் அதிகாரிகளில் வெள்ளைக்காரரும் ஆங்கிலோ இந்தியரும் அதில் சேர்ந்தார்கள். 1920க்குப் பிறகு அது துணைப்படையின் கீழ் வந்தது. அதிலும் இந்தியருக்கு இடம் கிடையாது. மணியாச்சி ஜங்ஷன் வழியாகப் போன ரயிலை ஓட்டியவருக்குக் கம்பெனியே துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும். அதே ரயிலில் டிக்கெட் வாங்கி ஏறினவருக்குத் துப்பாக்கியைத் தொட வழியில்லை.

வாஞ்சிநாதன் பாண்டிச்சேரிக்குப் போனதை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அதைச் சுடுவதற்கு வ.வே.சு. ஐயர் பழக்கியது பாண்டிச்சேரியில். பிரெஞ்சுக்காரன் ஊர், பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. செங்கோட்டையிலோ புனலூரிலோ அந்தக் காலத்தில் ஒருவன் பத்துத் தோட்டா சுட்டுப் பழகியிருந்தால் பதினோராவது வெடிக்கும் முன் போலீஸ் வந்திருக்கும். ஆஷ் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. நான் காலையில் நடக்கப் போகும் வழிதான்.

ஜமீன்தார்கள் கதை தனி. சிங்கம்பட்டி, ஊத்துமலை, சேத்தூர் என்று மலையடிவாரம் முழுக்க ஜமீன்கள். அவர்களுக்கு லைசென்ஸும் உண்டு, காடும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் விருந்தாளியாக வந்து வேட்டையாடிவிட்டுப் போவார்கள். தோட்டா விலை அங்கே பேச்சே இல்லை. 1962இல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஆயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக் கதை முடிந்தது. நல்லதுதான்.

விவசாயிகளுக்குக் கிடைத்தது வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பாற்ற என்று லைசென்ஸ் கொடுப்பார்கள். அதற்குத் தோட்டா என்று ஒன்றே கிடையாது. கருமருந்து, கந்தைத்துணி, கேப்பு, ரவை. ரவை வாங்கக் காசில்லை என்றால் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ். மலிவுத் தோட்டாவுக்கு நம் ஊர் கண்ட விடை இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அதில் குறி என்கிற பேச்சு இல்லை. சத்தத்தில் பன்றி ஓடினால் போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் என்.சி.சி. சட்டம் வந்தது. 1951இல் தேசிய ரைபிள் சங்கம் உண்டாயிற்று. லோக்சபாவின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் அதற்குத் தலைவர். கதர் கட்டிய காங்கிரஸ்காரர் ரைபிள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தது இன்றைக்கு வேடிக்கையாகத் தெரியலாம். ஜனங்களுக்கு மறுபடி துப்பாக்கியைப் பழக்கிவிட வேண்டும் என்ற நினைப்பு அந்தத் தலைமுறைக்கு இருந்தது. அவர் பெயரில் இன்றும் போட்டி நடக்கிறது. ஆனால் ஆரம்ப காலத்தில் பேர் வாங்கியவர்கள் யார்? 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிய பிகானீர் மகாராஜா கர்ணி சிங் போன்றவர்கள். நம் மாநிலத்திலும் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்திலிருந்து ஒருவர் 2024 ஒலிம்பிக் வரை போனார். அவர்களைக் குறை சொல்லவில்லை, உழைப்பில்லாமல் யாரும் அங்கே போக முடியாது. கையில் எத்தனை தோட்டா என்பதும் சேர்ந்துதான் ஆளைத் தயார் செய்கிறது என்கிறேன்.

உள்நாட்டுத் தோட்டா நெடுங்காலம் சர்க்கார் தொழிற்சாலையில்தான் வந்தது. புனே பக்கத்தில் கிர்க்கியில் 1869இல் வெள்ளைக்காரன் தொடங்கியது, பிறகு 1964இல் வரண்காவ். நான் வேலை பார்த்த வங்கியில் காவலர் ஒரு முன்னாள் ராணுவத்தினர், தோளில் இரட்டைக்குழல் 12 போர். அவருடைய தோல் பெல்ட்டில் இருந்த தோட்டாக்களின் அடியில் 'கே.எஃப்' என்று முத்திரை இருக்கும். கிர்க்கி ஃபாக்டரி என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அவை காகிதக் கூடு. ஐப்பசி மழையில் ஈரம் இழுத்துப் பருத்துவிடும், துப்பாக்கிக்குள் நுழையாது. "சார், கொள்ளைக்காரன் கோடையிலதான் வரணும்" என்பார். எலெக்ஷன் வந்தால் ஊரில் எல்லோருடைய துப்பாக்கியும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். லைசென்ஸ் புத்தகத்தில் எத்தனை தோட்டா வாங்கினோம் என்பது ஏறிக்கொண்டே வரும். ஆயுதச் சட்டம் 1959இல் புதிதாக எழுதப்பட்டது என்றாலும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் பழக்கம் மாறவில்லை.

இப்போது அந்தப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவள் அப்பா ஜங்ஷனில் சின்ன எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். மகள் நன்றாகச் சுடுகிறாள், அடுத்து .22க்குப் போகலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அண்ணாச்சி, இது நம்மளுக்குக் கட்டுப்படியாகுமா?" என்று என்னிடம் வந்தார். வங்கிக்காரன் என்றால் எல்லாக் கணக்கும் தெரியும் என்று நம்பிக்கை. நானும் விசாரித்தேன், படித்தேன். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

.22இல் ஒரு பெட்டியில் 50 தோட்டா. ஒரு போட்டிக்கே 60 சுட வேண்டும், குறி சரிபார்க்கச் சுடுவது தனி. ஆக ஒரு நாளுக்கு ஒரு பெட்டி போதாது. 50 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. மலிவுத் தோட்டாவில் ஒன்பது ஒழுங்காகப் போகும், பத்தாவது சம்பந்தமில்லாமல் விலகும். நம் கை நடுங்கியதா, தோட்டாவில் மருந்து கூடியதா குறைந்ததா என்று தெரியாது. பழகுகிறவனுக்கு இதுதான் பெரிய கேடு. தன் தப்பு எது, தோட்டாவின் தப்பு எது என்று பிரிக்க முடியாவிட்டால் திருந்துவதெப்படி?

அதற்காக விலை கூடியதே நல்லது என்றும் இல்லை. ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், ஒன்று பிடிக்காது. நாலைந்து வகை வாங்கி, துப்பாக்கியை அசையாமல் தாங்க வைத்துச் சுட்டுப் பார்த்து, ஓட்டைகள் எதில் நெருக்கமாக விழுகின்றனவோ அதில் ஒரே லாட் எண்ணாகச் சேர்த்து வாங்க வேண்டும். நம் வீட்டில் சாப்பாட்டு அரிசி வாங்குகிற மாதிரிதான். ஒரு கிலோ வடித்துப் பார்த்துவிட்டு அதே மூட்டையில் கேட்போம் இல்லையா. வேகம் கூடின தோட்டா நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அதுவும் தப்பு. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், நம் ஊர் வெயிலில் 350ஐத் தொடும். அதைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது தள்ளாடும். அதனால் போட்டிக்காரர்கள் முதலிலிருந்தே அதற்குக் கீழே போகும் நிதானமான தோட்டாவைத்தான் எடுப்பார்கள். விலையும் அதில் நடுத்தரம்.

நல்ல தோட்டா பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. நினைத்தவர் நினைத்தபடி வரவழைக்க முடியாது. போட்டிகளில் தகுதி பெற்றவர்களுக்கும் ரைபிள் சங்கங்களுக்கும்தான் அந்த வழி. தகுதி பெறச் சுட்டுப் பழக வேண்டும், பழகத் தோட்டா வேண்டும், தோட்டாவுக்குத் தகுதி வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

ஏர் ரைபிளில் இந்தத் தொல்லை இல்லை. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத வேகசக்தி என்றால் லைசென்ஸ் வேண்டாம். போட்டித் துப்பாக்கி ஏழரை ஜூல் அளவுதான். அரை கிராம் ஈயக் குண்டு. ஒரு டப்பாவில் 500. வெடிமருந்து இல்லை, காலிக் குப்பி இல்லை, எண்ணித் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. 10 மீட்டர் இடம் இருந்தால் மாடியிலேயே தடுப்பு வைத்துப் பழகலாம். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் 2012இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதில்தான். குண்டு தட்டை மூக்காக இருக்க வேண்டும், அட்டையில் வட்டமாக வெட்டும். பாவாடை நசுங்கின குண்டைப் பொறுக்கித் தனியே போட்டுவிட வேண்டும். பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி.

"இன்னும் மூணு வருஷம் ஏர் ரைபிளே சுடட்டும். துப்பாக்கிக்குக் கடன் வாங்காதீங்க, குண்டுக்கு மட்டும் குறை வைக்காதீங்க" என்று அவரிடம் சொன்னேன். மகளுக்கு முகம் வாடிவிட்டது. என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திண்ணையில் செய்தித்தாளை விரித்துக் குண்டுகளைக் கொட்டினோம். அவள் நசுங்கினதைப் பொறுக்க, நான் நல்லதை எண்ணி டப்பாவில் போட்டேன். அப்போதுதான் அந்தச் சாக்ஸ் கதையை அவளிடம் சொன்னேன். பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தத் தாத்தா இப்போ எங்க இருக்காங்க?"

முக்கூடல் பக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவனுக்கும் எண்பதை ஒட்டித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன்.